குட்டைக் கரையில் ஒன்பதாவது குழாய்

இந்த வீட்டில் ஒரு தடவையாவது என் பேச்சு எடுபட்டே ஆக வேண்டும் என்று முடிவு கட்டினேன். கொல்லைப்புறக் குட்டையை மூடி, அதன்மேல் கேரம் ஆட ஓர் அறை.

“என் வாத்துங்க எங்க போகும்?” என்றாள் மனைவி.

“ஆறு வாத்துக்காக ஒரு மனுஷன் கேரம் ஆடாம இருக்கணுமா?”

“ஆடுங்களேன். வாத்துங்களோட ஆடுங்க.”

கொத்தனார் வந்து பார்த்தார். கரையைச் சுற்றிப் பழைய வடிகால் குழாய்கள் புதைந்திருக்குமாம். தோண்டி ஒவ்வொன்றாக அடைக்காவிட்டால், அறை என்னோடு சேர்ந்து உள்ளே போய்விடுமாம்.

ஒரு வாரம் தோண்டினேன். ஒன்பது மண்குழாய்கள். எட்டு வெளியே வேலிப்பக்கம் போயின. ஒன்பதாவது மட்டும் எங்கள் வீட்டுக்கு அடியில் போனது.

அதன் வாய் என் தலை நுழையும் அகலம். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு. குனிந்தால் முகத்தில் ஈரக்காற்று பட்டது, யாரோ மூச்சு விடுவதுபோல. வாத்துகள் அந்தப் பக்கமே வரவில்லை. தள்ளி நின்று, ஆறும் ஒரே திசையில் பார்த்துக்கொண்டிருந்தன.

அடைக்கச் சிமெண்டைக் குழைத்தேன். குழாய்க்குள் ஒரு பெண்குரல்.

“மூடாதீங்க…”

கரண்டி கையிலிருந்து நழுவியது. மனைவியோ என்று ஒரு கணம் நினைத்தேன். இருக்காது. இவ்வளவு மெதுவாக, இவ்வளவு பணிவாக அவள் என்னிடம் பேசியதே கிடையாது.

மறுநாளும் கேட்டது. “மூடிட்டா நான் எங்கங்க போவேன்?”

மூன்றாம் நாள், காதுக்குப் பக்கத்திலேயே. “வீட்டுக்குள்ளயே வந்துடட்டுமா?”

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.

“குட்டை இருக்கட்டும்” என்றேன் மனைவியிடம்.

“ஏனாம்?”

“இடுப்பு வலி.”

“அப்ப மூட வேணாம். தூர் மட்டும் வாரிடுங்க.”

இடுப்பு வலிக்காரன் தலையாட்டினேன்.

சாயங்காலம் அடுப்படிக்குள் போனால், எங்கள் மகள் பாப்பா, பாத்திரம் கழுவும் தொட்டியில் தண்ணீர் போகும் ஓட்டையில் வாயை வைத்துக் குழைந்துகொண்டிருந்தாள். “நான் எங்கங்க போவேன்…”

“யாரு கண்ணு சொல்லிக் குடுத்தா?”

“நேத்து அம்மாதான் இப்படிப் பேசினாங்க.”

வந்ததே கோபம்! “ஏய், அது நீதானா?”

“நானேதான்” என்றாள் மனைவி, வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல். “ஒரே ஒரு தடவை சொன்னேன். அதுக்கு இப்ப என்ன?”

“ஒரு தடவையா? மூணு நாளாப் பேசினியே!”

கத்தி நின்றது. அவள் மெல்லத் திரும்பினாள்.

“முந்தாநாள் அந்த நேரம் நானும் பாப்பாவும் பள்ளிக்கூடத்துல இருந்தோமேங்க. இன்னிக்கு நான் வாயே திறக்கல.” குரலைத் தாழ்த்தினாள். “அவ என்ன சொன்னா?”

பொய். பச்சைப் பொய். எனக்கு நன்றாகத் தெரியும்.

இருந்தாலும் தினமும் சேற்றில் இறங்குமுன், அந்த ஒன்பதாவது குழாயிடம் குனிந்து, “இறங்கட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறேன்.