ஆஷ்கோம்ப் பெஞ்சுக்குச் சூடேற்றிய வரலாறு

நோவாவின் பேழைக்குப் பிறகு இந்த உலகத்தைக் காப்பாற்றிய கட்டடம் எது என்று யாராவது உங்களைக் கேட்டால், தயங்காமல் சொல்லுங்கள்: இங்கிலாந்தில், நெதர் ஹாக்ஸ்பி கிராமத்தில் இருக்கும் புனித ஆஸ்வால்ட் ஆலயம். பேழையாவது ஒரே ஒரு வெள்ளத்தோடு முடித்துக்கொண்டது. நாங்கள் வெள்ளம், வறட்சி, பனிமலை உருகுவது ஆகிய எல்லாவற்றிலிருந்தும் மனித குலத்தை ஒரே குளிர்காலத்தில் காப்பாற்றினோம். அதற்குக் கிடைத்த தங்கப் பட்டயம் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்த இடத்தில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. ஆலய நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் சேகரக் குழுவின் செயலாளர் நான்தான். பெயர் டெஸ்மண்ட். கூட்டத்தில் யார் என்ன பேசினாலும், யாருமே ஒன்றும் பேசாவிட்டாலும், "விரிவாக விவாதிக்கப்பட்டது" என்று குறிப்பெழுதுவது என் பணி.

முன்பெல்லாம் எங்கள் ஆலயத்தில் கோபுரத்துக்கு அடியில் ஓர் எண்ணெய்க் கொதிகலன் இருந்தது. காட்டுமிராண்டிக் காலத்துச் சாதனம். அது போடும் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழாது. அதன் பெருமைகளில் முதன்மையானது அது என்பார்கள் சிலர். அதிலிருந்து கிளம்பும் குழாய் பின்வரிசைகளுக்கு அடியில் ஓடி, தரையிலிருந்த இரும்புக் கம்பி ஜன்னல் வழியாகச் சூட்டை ஊதும். ஆகவே சபையார் எல்லோரும் பின்வரிசைகளில்தான் உட்காருவோம். அந்தக் கம்பி ஜன்னலுக்கு நேர் மேலே, கடைசி பெஞ்சில் தூணோரம், மேவிஸ் பில்லிங்கின் இடம். எண்பதைத் தாண்டியவர், தனிக்கட்டை. முந்தைய குளிர்காலத்தில் நிமோனியா வந்து பிழைத்தவர். "இனிமே குளிர் மட்டும் உங்களுக்கு ஆகவே ஆகாது" என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

முன்வரிசையில் யாரும் உட்காருவதில்லை. அது ஆஷ்கோம்ப் பிரபு குடும்பத்து பெஞ்சு. அந்த வம்சத்தின் கடைசி மனிதர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்தாலும் அவர்கள் இடத்தில் நாம் போய் உட்காருவது மரியாதையாக இருக்குமா? அதற்கு அடுத்த சில வரிசைகளிலும் உட்காருவதில்லை. அங்கே உட்கார்ந்தால், பெரிய மனிதன் என்று நினைப்பு வந்துவிட்டது போல இருக்கும்.

இந்த நிலையில்தான் வட்டாரத்து ஆலயங்களுக்கெல்லாம் மேலிடமான பேராயத்திலிருந்து ஆணை வந்தது. ஆலயங்கள் எல்லாம் எண்ணெயைக் கைவிட்டுப் 'பூஜ்ஜியக் கார்பன்' நிலையை அடைய வேண்டும். முந்தி அடைபவர்களுக்குத் தங்கப் பட்டயம். பக்கத்து ஊரான ஓவர் ஹாக்ஸ்பிக்கு வெள்ளிப் பட்டயம் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், பூமியின் மீது எங்களுக்கு இருந்த பாசம் பொங்கி வழிந்தது.

லைசாண்டர் கிராஃப்ட் என்ற கார்பன் ஆலோசகரை வரவழைத்தோம். இளைஞர். கழுத்தில் மூன்று அடையாள அட்டைகள். அவர் ஆய்வுக்கு வந்தது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை. அன்று ஆலயத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் வெளியூர்க்காரர்கள். புகைப்படத்தில் விழ வேண்டும் என்று முன்வரிசைகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைகள் காலி. லைசாண்டர் வாசலில் நின்று ஆழ்ந்து கவனித்தார், கருவியை நீட்டி அளந்தார், போய்விட்டார்.

அடுத்த மாதம் சேகரக் குழுவில் திரை கட்டி விளக்கினார்.

"உங்க ஆலயத்துல மக்கள் 'செறிவு' முழுக்க முன்னாடிதான். பின்னாடி ஒரு ஈ காக்கா இல்லை. காலி பெஞ்சுக்குச் சூடு ஏத்துறது இந்த பூமிக்குச் செய்யற துரோகம். அதனால முன்வரிசைகளுக்கு மட்டும் 'அறிவுள்ள மெத்தை' போடறோம். ஆள் உட்கார்ந்தாத்தான் அந்த வரிசை சூடாகும். எழுந்தா அணைஞ்சிடும்."

அறையில் இருந்த அத்தனை பேரும் பின்வரிசை ஆட்கள். அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். ஆனால் விருந்தாளியாக வந்தவர், அதுவும் இவ்வளவு சிரமப்பட்டுப் படமெல்லாம் வரைந்துகொண்டு வந்தவர். அவரிடம் போய் "தம்பி, நீ பார்த்தது கல்யாணக் கூட்டம்" என்று எப்படிச் சொல்வது? வேறு யாராவது சொல்லட்டும் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்தோம்.

ஆலய வார்டன் நார்மன் டகெட் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர், எதற்கும் அஞ்சாதவர்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருக்குங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் மறுப்புத் தெரிவிப்பதில் இதைவிடக் காட்டமான சொல் கிடையாது. லைசாண்டரோ முகம் மலர்ந்து நன்றி சொன்னார்.

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டார் எங்கள் ஆலயத்தின் போதகரான ஆயரம்மா ஹெஸ்டர். அவரும் எங்களைப் போல நல்ல வளர்ப்பு. பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டார். தேநீர் கொண்டுவந்த மேவிஸ் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க மேவிஸ்?" என்றார்.

"எனக்கென்ன ஆயரம்மா. படிச்ச பிள்ளை சொல்லுது, சரியாத்தான் இருக்கும். யாருக்கு இன்னொரு துண்டு எலுமிச்சைக் கேக்?"

விரிவாக விவாதிக்கப்பட்டது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கொதிகலன் போயிற்று. கல்லறைகளுக்கு நடுவே வெப்பப் பம்பு ஒன்று வந்து உட்கார்ந்து, காற்றிலிருந்து சூட்டை உறிஞ்சி உள்ளே மெத்தைகளுக்கு அனுப்பத் தயாரானது. மேவிஸின் காலடியில் இருந்த கம்பி ஜன்னல் 'வெப்பக் கசிவு' என்று கண்டறியப்பட்டு, நுரை அடித்து மூடப்பட்டது. முன்வரிசைகளில் கருஞ்சிவப்பு மெத்தைகள் வரிசையாக வீற்றிருந்தன.

நவம்பரின் முதல் ஞாயிறு. வெளியே உறைபனி. நாங்கள் எல்லோரும் வந்து, வழக்கம் போலப் பின்வரிசைகளில் உட்கார்ந்தோம். ஆயரம்மா வாயைத் திறந்ததும் ஆவி வந்தது. பரிசுத்த ஆவி அல்ல. முன்னால் யாரும் உட்காராததால் எந்த மெத்தையும் சூடாகவில்லை. அன்று ஆலயத்தின் கார்பன் கணக்கு சுத்த பூஜ்ஜியம். இதைத்தான் வெற்றி என்கிறோம்.

முற்றிலும் பூஜ்ஜியம் என்றும் சொல்ல முடியாது. ஆலயத்து எலிகளைப் பிடிக்க பிலாத்து என்ற பூனை ஒன்று உண்டு. இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பிவிட்டு 'எனக்குச் சம்பந்தமில்லை' என்று கையைக் கழுவிய ஆளுநரைப் போல, எந்நேரமும் கையை நக்கிக் கழுவிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். பிரபு குடும்பம், பெரிய மனிதத்தனம் என்ற விவஸ்தையெல்லாம் அதற்குக் கிடையாது. நேராகப் போய் ஆஷ்கோம்ப் பெஞ்சில் சுருண்டது. உடனே அந்த வரிசை முழுதும் கதகதவென்று ஆயிற்று. "முன்வரிசையில ஒருத்தர் தவறாம வர்றார். ஆராதனை முடிஞ்சும் சாயங்காலம் வரைக்கும் ஜெபத்துல இருக்கார்" என்று சில வாரம் கழித்து, மெத்தைகள் அனுப்பிய கணக்கைப் பார்த்த லைசாண்டர் தொலைபேசியில் உருகினார். யாரென்று அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

மேவிஸ் இருமத் தொடங்கினார். ஆயரம்மா பொறுக்க முடியாமல், ஆராதனை முடிந்ததும் அவரிடம் போனார்.

"மேவிஸ், முன்னாடி வந்து உட்காருங்களேன். நல்லாச் சூடா இருக்கும்."

"முன்னாடியா? ஐயோ, நமக்கெதுக்கு ஆயரம்மா அதெல்லாம். அது ஆஷ்கோம்ப் குடும்பத்து இடமாச்சே."

"அந்தக் குடும்பத்துல ஒருத்தர்கூட உயிரோட இல்லையே!"

"இல்லைன்னுதான் சொல்றாங்க. திடீர்னு வந்து நின்னாங்கன்னா, மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? இங்கயே எனக்குச் சுகமா இருக்கு."

எங்களில் யாராவது ஒருவர் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்திருந்தால், மேவிஸும் மெல்லப் பின்னாலேயே வந்திருப்பார். ஆனால் முதல் ஆளாகப் போவது எவ்வளவு அநாகரிகம்! நான் போயிருக்கலாம். என் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. இருந்தும் நாகரிகத்தைக் கைவிடவில்லை.

பின்சுவரில் சின்னதாக ஒரு மின்கணப்பு மாட்டலாமே என்று தொன்மைப் பாதுகாப்பு அலுவலர் புரூடன்ஸ் ராக்ஸாலிடம் விண்ணப்பித்தோம். அந்த அம்மையார் நேரில் வந்து சுவரைத் தடவிப் பார்த்தார். அதில் கன்னத்தை வைத்துப் பார்த்தார்.

"பதினாலாம் நூற்றாண்டுச் சுவர் இது. இதுல ஒரு திருகாணி இறங்கினாலும் சரித்திரம் மன்னிக்காது" என்றார்.

"இங்க ஒரு வயசானவங்க உட்கார்றாங்க" என்றார் ஆயரம்மா.

"அவங்களுக்கு என்ன வயசு?"

"எண்பத்து மூணு."

"சுவருக்கு அறுநூறைத் தாண்டியாச்சு" என்றார் புரூடன்ஸ். அந்த உறுதி இருக்கிறதே, அதுதான் இந்த நாட்டைத் தாங்கி நிற்கிறது.

ஜனவரியில் லைசாண்டர் பதறிக்கொண்டு வந்தார். பின்வரிசையில், தூணோரத்தில், கணக்கில் வராத வெப்பம் ஒன்றைக் கருவி காட்டிக்கொடுத்துவிட்டதாம். ஆராதனை நேரத்திலேயே கருவியோடு மோப்பம் பிடித்துப் போனவர் மேவிஸின் கோட்டுக்கு முன்னால் நின்றார். கோட்டுக்குள் கம்பளி உறை போட்ட வெந்நீர்ப் பை.

"அம்மா, இந்தத் தண்ணியை எதுல காய்ச்சினீங்க?"

"வீட்டு கேஸ் அடுப்புலதான் கண்ணு."

"அப்ப இது வெளியிலேருந்து உள்ள வர்ற கார்பன். ஆலயக் கணக்குல ஏறிடும். தங்கம் போய் வெள்ளிதான் கிடைக்கும்."

வெள்ளி! ஓவர் ஹாக்ஸ்பிக்காரர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நார்மன் எழுந்தார். இரண்டு கைகளையும் நீட்டி, காணிக்கைத் தட்டை வாங்கும் அதே பயபக்தியோடு வெந்நீர்ப் பையை வாங்கிக்கொண்டு போய் உடைமாற்றும் அறையில் வைத்தார்.

"ஐயோ, மன்னிச்சுக்கப்பா. இது தப்புன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார் மேவிஸ். "கொண்டுபோனதும் நல்லதுதான். எனக்கே கொஞ்சம் புழுக்கமாத்தான் இருந்துது."

அவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது. எனக்கு அடுத்த பெஞ்சு, நன்றாகவே தெரிந்தது. என் கோட்டைக் கழற்றிக் கொடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கோட்டைக் கொடுப்பது என்றால், 'உங்களுக்குக் குளிர்கிறது' என்று ஊரறியச் சொன்ன மாதிரி. ஒரு பெண்மணியை அப்படி அவமானப்படுத்தலாமா?

"குளிருதா மேவிஸ்?" என்று மட்டும் காதோடு கேட்டேன்.

"குறை சொல்லக் கூடாது டெஸ்மண்ட்" என்றார். பிறகு பாமாலை முடியும் வரை இருமிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் மேவிஸ் இறந்தார். நிமோனியா.

அடக்க ஆராதனைக்கு ஊரே திரண்டது. அவர் கேக் சாப்பிடாதவர்கள் இந்த ஊரில் கிடையாது. பின்வரிசைகள் நிரம்பி, நடைபாதை நிரம்பி, வேறு வழியே இல்லாமல் நானும் நார்மனும் சேகரக் குழுவினர் எல்லோரும் முன்வரிசைகளுக்குத் தள்ளப்பட்டோம். பிலாத்து வேண்டாவெறுப்பாக நகர்ந்து இடம் கொடுத்தது. நாங்கள் உட்கார்ந்தோம். மெத்தைகள் விழித்துக்கொண்டன. முதுகு, தொடை, பாதம் என்று சூடு ஏறியது. என் வாழ்நாளில் நான் எந்த ஆலயத்திலும் அப்படி ஒரு சுகத்தை அனுபவித்ததில்லை. கை எட்டும் தூரத்தில் மேவிஸின் பெட்டி.

நார்மன் கோட்டைக் கழற்றினார். "அடேயப்பா, என்ன கதகதப்பு! மேவிஸ் ஒரு தடவையாவது இங்க வந்து உட்கார்ந்திருக்கணும்."

லீட்ஸிலிருந்து வந்திருந்த மேவிஸின் அண்ணன் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

"போன்ல பேசறப்பல்லாம் கேட்பேன், 'அத்தை, கோயில்ல குளிராதா'ன்னு. 'புது மிஷின் போட்டிருக்காங்க, அடுப்பங்கரை மாதிரி இருக்கு'ன்னு சொல்வாங்க. நான்தான் நம்பலை. நிஜமாவே எவ்வளவு நல்லா இருக்கு. அத்தையை நல்லாப் பார்த்துக்கிட்டீங்க, ரொம்ப நன்றி."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றேன் நான். இந்த வரலாற்றில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரே உண்மை அது.

முன்வரிசைகள் நிரம்பி வழிந்ததைக் கருவியில் பார்த்த லைசாண்டர் துள்ளிக் குதித்தாராம். அவர் கணிப்பு மெய்யாகிவிட்டது. அடுத்த மாதமே பேராயத்திலிருந்து தலைமைக் குரு தங்கப் பட்டயத்தோடு வந்தார். கொடுக்கும் முன் சம்பிரதாயமாக ஒரு கேள்வி கேட்டார்.

"புதுச் சூடேற்றும் ஏற்பாட்டைப் பத்தி சபையார்கிட்டேருந்து ஏதாவது புகார் உண்டா?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆஷ்கோம்ப் பெஞ்சில் பிலாத்து தன் கைகளை நக்கி நக்கிக் கழுவிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுகூட இல்லீங்க" என்றார் நார்மன்.

பட்டயத்தை எங்கே மாட்டுவது என்ற பிரச்சினை எழுந்தது. கனமான உலோகத் தகடு. நல்ல கெட்டிச் சுவர் வேண்டும். புரூடன்ஸ் ராக்ஸாலுக்கு விண்ணப்பித்தோம். ஒரே வாரத்தில் அனுமதி வந்துவிட்டது. சரித்திரம் தானே முன்வந்து நான்கு திருகாணிகளுக்கு இடம் கொடுத்தது.

கடைசி வரிசை, தூணோரம், பதினான்காம் நூற்றாண்டுப் பின்சுவர். கொஞ்சம் தாழ்வாகத்தான் மாட்டியிருக்கிறோம். அங்கே இப்போது யாரும் உட்காருவதில்லை. தலையில் இடிக்கும் என்ற கவலை இல்லை.