இருமல்காரன்

"ஞாயித்துக்கிழமை காலையில வண்டியைப் பார்க்க ஆள் வருது," என்றாள் மனைவி. உதடுகளுக்கிடையில் இரண்டு குண்டூசிகளை வைத்துக்கொண்டு பேசியதால் பல் டாக்டருக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. கேட்காத மாதிரியே இருந்துவிடலாமா என்றும் யோசித்தார்.

"எந்த வண்டி?"

"ஓடுற காரையா விப்பாங்க? ஷெட்ல நிக்குதே உங்க இருமல்காரன், அதைத்தான்."

கல்யாணத்துக்கு முன்பே அவர் ஆசைப்பட்டு வாங்கிய பழங்கால மோட்டார் சைக்கிள் அது. இரண்டு சிலிண்டர்; ஆளுக்கொரு கார்புரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்ட வேண்டிய அந்த இரண்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. இடதுபக்கம் கறுப்புப் புகை கக்கும். வலதுபக்கம் டப் டப்பென்று வெடிக்கும். விடுமுறை நாளெல்லாம் டாக்டர் அவற்றைக் கழற்றி, வெள்ளைத் துணி விரித்துப் பரப்பி, கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த சின்னக் கண்ணாடியால் துளை துளையாக எட்டிப் பார்த்து, துலக்கி, திருகி, மறுபடி மாட்டுவார். வண்டி முன்னைவிட உரக்க இருமும்.

மனைவி வீட்டிலேயே தையல் தொழில் செய்பவள். சாப்பாட்டு மேசைமேல்தான் துணி வெட்டுவாள். போன வாரம் டாக்டரின் தட்டில் ஒரு ஊசி கிடந்தது. அந்தப் பதற்றத்தில், "வண்டியைத் தள்ளிவிட்டுட்டு ஷெட்டை நீயே எடுத்துக்க," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அவள் வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது மாட்டேன் என்று சொல்ல முகம் இல்லை. அதனால் வேறு வழி கண்டுபிடித்தார். வண்டி இருமினால் மட்டும் போதாது, வருகிறவர் காலால் உதைத்து உதைத்து ஓய்ந்து, தலைதெறிக்க ஓட வேண்டும். இத்தனை வருஷம் சரிசெய்தவருக்குக் கெடுப்பது என்ன பெரிய காரியமா?

அன்று சாயங்காலமே வலது கார்புரேட்டரின் காற்றுத் திருகைக் கையிலெடுத்தார். அதை வெளியே தளர்த்துவதுதான் வைத்தியம் என்பது அவர் முடிவு. ஆகவே வேண்டுமென்றே உள்ளே இறுக்கினார். வண்டியை உதைத்தார்.

வெடிப்பு நின்றுபோயிற்று.

சமையலறை ஜன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. "என்னங்க, சத்தமே காணோம்? உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகலை," என்றார் டாக்டர், திருகைப் பார்த்துக்கொண்டே.

மறுநாள் இடதுபக்கம். எஞ்சினுக்குப் பெட்ரோலை விடும் ஊசி ஒன்று அதனுள் தொங்கும். அதை மேலே தூக்கித் தூக்கித்தான் இத்தனை நாள் வைத்தியம் நடந்தது. இப்போது அடியோடு கீழே இறக்கினார். பெட்ரோல் கிடைக்காமல் அந்தப் பக்கம் செத்துப்போகட்டும்!

கறுப்புப் புகை போன இடம் தெரியவில்லை. இரண்டு சிலிண்டரும் வெகுநாள் பேசாதிருந்த பங்காளிகள் சமாதானமான மாதிரி ஒரே குரலில் முணுமுணுத்தன.

டாக்டர் கருவிப் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் செய்தது அத்தனையும் தலைகீழ் வைத்தியம்! நல்லவேளை, பல் விஷயத்தில் மேல் எது, கீழ் எது என்று தெரியும்.

அடுத்த நாள் கிளினிக்கில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஒரு நோயாளியிடம், "ஒண்ணைக் கெடுக்கிறது இவ்வளவு கஷ்டமாங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்.

கடைசி ஆயுதம் மிதவை. கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் பெட்ரோல் எவ்வளவு நிற்க வேண்டும் என்று காவல் காக்கும் சின்னப் பித்தளைப் பெட்டி. அதன் நாக்கைக் குறட்டால் வளைத்துவிட்டால் பெட்ரோல் வழிந்து வண்டி மூழ்கிவிடும். இரண்டு கார்புரேட்டரிலும் வளைத்தார். நெஞ்சு கேட்கவில்லைதான், "மன்னிச்சுக்கடா," என்று டாங்கைத் தட்டிக்கொடுத்தார்.

வழக்கமாக வேர்த்து விறுவிறுத்து உதைத்தால்தான் உயிர் வரும் வண்டி, ஒரே உதையில் கிளம்பியது.

ஷெட்டைவிட்டு வெளியே எடுத்துத் தெருக்கோடிவரை ஓட்டிப் பார்த்தார். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. வளைவில் திரும்பும்போது முகத்தில் காற்று அடித்தது. இதற்காகத்தானே இதை வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டார். இருமல்காரனாக இருந்தபோதே கொடுக்க மனமில்லை. இப்போது எப்படிக் கொடுப்பது?

திரும்பி வந்தபோது மனைவி வாசலில் கைகட்டி நின்றாள். "பரவாயில்லையே! விக்கிற வண்டிக்காக இவ்வளவு பாடுபடுறீங்களே. நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

அவள் குரலில் இருந்த பிரியம் அவரை இன்னும் வாட்டியது.

ஞாயிற்றுக்கிழமை, ஆள் வரும் நேரத்துக்குச் சற்று முன்பு, ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கித் தொங்கவிட்டார். கை கழுவிவிட்டு வருவதற்குள் வந்தவர்கள் ஷெட்டுக்குள் நின்றிருந்தார்கள்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், கூடவே அவர் மனைவி.

"ஏங்க, ஏதோ ஒயர் கழண்டு தொங்கிச்சு. நானே மாட்டிட்டேன்," என்றாள் டாக்டரின் மனைவி பெருமையாக.

ஸ்டேஷன் மாஸ்டர் ஒரே ஒரு உதை உதைத்தார். வண்டி பாடியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஏறித் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றப் போனார்.

டாக்டர் மெதுவாக ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவியை நெருங்கினார். "மழை நாள்ல கொஞ்சம் மக்கர் பண்ணும்."

"அப்படியா?" அந்த அம்மாள் முகம் மலர்ந்தது. "அடிக்கடி பண்ணுமா?"

டாக்டருக்குக் குழப்பமாக இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "சும்மா விளையாடுறாருங்க! தங்கமான வண்டி. இந்த வாரம் முழுக்க இவரே உட்கார்ந்து கார்புரேட்டரைச் சரி பண்ணியிருக்கார். இனிமே தொட வேண்டிய வேலையே இல்லை."

அந்த அம்மாளின் முகம் வாடியது.

ஸ்டேஷன் மாஸ்டர் பள்ளிக்கூடத்துப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டு வந்து இறங்கினார். "அருமைங்க! எப்ப எடுத்துக்கலாம்?"

டாக்டர் டாங்கின் மேல் கைவைத்தார். கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

ஸ்டேஷன் மாஸ்டரின் மனைவி கணவரின் சட்டைக் கையைப் பிடித்து வாசல் பக்கமாக இழுத்தாள்.

"மன்னிச்சுக்கங்க டாக்டர், இது எங்களுக்குச் சரிப்படாது. ரிட்டயர் ஆனதுலேர்ந்து நாள் முழுக்க என் சமையல்கட்டுலயே நின்னு உயிரை வாங்குறார். ஆயுசுக்கும் சரியாகாத ஒரு வண்டியை வாங்கி ஷெட்ல நிறுத்தினாத்தான் நான் நிம்மதியா இருக்க முடியும்."