சோமசேகரம் எழும்பவில்லை

பீடாதிபதி உள்ளே வந்தபோது மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. சோமசேகரம் மட்டும் எழும்பவில்லை.

எழும்பத்தான் பார்த்தார். வலது முழங்கால் சம்மதிக்கவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் அது பூட்டிக்கொள்ளும். பிறகு எதையாவது பிடித்து, தடவிக் கெஞ்சித்தான் திறக்க வேண்டும்.

அன்றைய கூட்டத்துக்குப் பெயர் ‘திறந்த உரையாடல்’. பல்கலைக்கழக வளாகத்தில் பெரியவர், சிறியவர் என்ற பேதம் ஒழிய வேண்டும், மனதில் உள்ளதை எல்லோரும் பயமில்லாமல் பேச வேண்டும், முதற்படியாக, யார் வந்தாலும் ஒருவரும் எழுந்து நிற்கக் கூடாது என்று பீடாதிபதி கலீலுர் றஹ்மான் சுற்றறிக்கை விட்டிருந்தார். பணிவான மனிதர். எந்தக் கூட்டத்திலும் கடைசி ஆள் போகும்வரை கதிரையை விட்டு அசையாமல் எல்லோரையும் வழியனுப்புவார். ஆனாலும் அறிக்கையை ஊழியர்கள் ஒரு பொறியாகவே எடுத்துக்கொண்டார்கள். எழும்பாதவனைக் குறித்து வைக்கப்போகிறார்கள் என்று கந்தோரில் பேச்சு.

பீடாதிபதி நின்றவர்களைப் பார்த்துக் கவலைப்பட்டார். பிறகு சோமசேகரத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னது விளங்கின ஒரே ஆள் இவர்தான்," என்றார்.

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதியது. சோமசேகரத்துக்கு அது தனக்கே சங்கு ஊதியதுபோல் இருந்தது.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூட்டமே அதற்குத்தான். ஆனால் முழங்கால் விசயம் தெரிந்தால் மருத்துவச் சபைக்கு அனுப்புவார்கள். அங்கே, இவருக்கு வேலை செய்ய ஏலாது என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். லிங்கநகரில் இருந்த அந்த வீட்டில், மனைவி செத்த பிறகு பேசுவது தொலைக்காட்சி மட்டும்தான். மனிதக் குரல் அவர் காதில் விழுவது கந்தோரில்தான். அதிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், பக்கத்து மேசைத் தயாளினி சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, ஒரு துண்டு மீன் பொரியலை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மாமியாரைத் திட்டத் தொடங்குவாள். அந்த நேரத்தை நம்பித்தான் அவர் மிச்ச நாளை ஓட்டினார்.

மறுநாள் தயாளினி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தூரத்து மேசைக்குப் போய்விட்டாள்.

"ஏன் பிள்ளை அங்க?"

"உங்களோட கதைச்சா அது பீடாதிபதி சேருக்குப் போகுமெண்டு எல்லாரும் சொல்லினம், சோமண்ணை."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து எழும்பிவிட்டால் பழி நீங்கிவிடும் என்று யோசித்தார். முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு போனார். பீடாதிபதியின் வாகனச் சத்தம் கேட்டதுமே மேசையைப் பிடித்து எழத் தொடங்கினார். முழுதாக நிமிர்ந்தபோது பீடாதிபதி வந்து உட்கார்ந்தும் ஆயிற்று. மற்றவர்கள் அசையவில்லை. எழும்பாதவனுக்குப் போனமுறை கிடைத்த பாராட்டை அவர்கள் மறக்கவில்லை. மண்டபத்தில் நின்றவர் சோமசேகரம் ஒருவர்தான். இப்போது முழங்கால் நீட்டியபடி பூட்டிக்கொண்டதால் திரும்ப உட்காரவும் முடியவில்லை.

"சோமசேகரம் என்னவோ சொல்லத்தான் நிற்கிறார்," என்றார் பீடாதிபதி மகிழ்ச்சியோடு. "சொல்லுங்க."

வலியில் கண் கலங்கியது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"இங்க என்னோட ஒருத்தரும் கதைக்கினமில்லை, சேர்."

மனம் விட்டுச் சொன்னதை மண்டபம் கோள் சொன்னதாகவே கேட்டது. பீடாதிபதி மட்டும் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்திலேயே சோமசேகரத்தை உரையாடல் குழுவுக்குத் தலைவராக்கினார். அடுத்து துணைவேந்தர் வரும் கூட்டத்தில் முன்வரிசையில் தன் பக்கத்தில்தான் அவர் உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். உற்சாகமான ஒரு விரிவுரையாளர், அன்று சமத்துவத்துக்காக எல்லோரும் பாயில் உட்காரலாமே என்றார்.

"பாய் வேணாம்," என்றார் பீடாதிபதி அவசரமாக.

சோமசேகரத்துக்கு அன்று கிடைத்த ஒரே நல்ல செய்தி அதுதான்.

பதவி வந்ததும் மிச்சமிருந்த வணக்கங்களும் போயின. அவர் அறைக்குள் நுழைந்தால் சிரிப்பு அடங்கும். தயாளினி மாமியாரை வேறு யாரிடமோ திட்டினாள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்த மனிதருக்குக் கந்தோரே வீடாகிவிட்டது. ஒருநாள் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதார்.

துணைவேந்தர் வந்தார். ஒருவரும் எழும்பவில்லை. பீடாதிபதி உட்கார்ந்தபடியே கை கொடுத்தார். சோமசேகரமும் உட்கார்ந்தபடியே கொடுத்தார். இப்படியொரு பண்பாட்டைத் தான் எங்கும் கண்டதில்லை என்று துணைவேந்தர் புகழ்ந்துவிட்டு, விமானம் பிடிக்கச் சீனன்குடாவுக்குப் போனார்.

மண்டபம் காலியானது. தயாளினியும் திரும்பிப் பார்க்காமல் போனாள். முன்வரிசையில் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

"நீங்க போங்க, சோமசேகரம்."

"நீங்கள் முதல்ல போங்கோ, சேர். அதுதான் மரியாதை."

"இங்க மரியாதை பார்க்கிறதில்லையே."

"அதாலதான் சேர் நானும் இருக்கிறன்."

இருவரும் காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ வெளியேயிருந்து மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார்கள். பீடாதிபதி எதையோ சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டார். சோமசேகரமும் அப்படியே. திறந்த உரையாடல் நெடுநேரம் நடந்தது.

கடைசியில் பீடாதிபதியின் சாரதி நஸ்ரி எட்டிப் பார்த்தான். கிண்ணியாவில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரன். நேராக வந்து, பழகிய கையால் பீடாதிபதியின் கக்கத்தைப் பிடித்தவன், சோமசேகரத்தின் இரண்டு கைகளும் முழங்காலைப் பொத்தியிருந்ததைக் கண்டான்.

"கொஞ்சம் இருங்க ஐயா, அடுத்தது உங்களத் தூக்குறன்," என்றான். "சேர் ஆறு மாசமாப் பள்ளியிலயும் கதிரையிலதான் தொழுறாரு. துணைவேந்தர் வந்தா எழும்ப ஏலாதெண்டுதானே, ஒருத்தரும் எழும்ப வேணாமெண்டு அறிக்கை விட்டவரு."