திருமதி டேட்டேயும் நானும்

கணவனைச் சந்தேகப்படுவது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. சந்தேகத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் இன்று மானம் மரியாதையோடு இருந்திருப்பேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனியன் பிடித்தது.

அப்போது கல்யாணமாகி மூன்று மாதம். திருச்சியிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் கார்ஹிங் ஊருக்கு வந்திருந்தேன். என் கணவர் ரகு அங்கே லேசர் ஆராய்ச்சி செய்கிறவர். பெண் பார்க்க வந்த அன்று, “உங்களுக்கு ஹிஸ்டரி பிடிக்குமா?” என்று ஆசையாகக் கேட்டார். “ஐயோ, அசோகர் மரம் நட்டார்னு மட்டும் தெரியும். அதுக்கு மேல தூக்கம் வந்துடும்” என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா?) பாவம், மனுஷன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே என்னிடம் எடுக்கவில்லை.

ஆனால் சாயங்காலமானால் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு எசன் நகரில் இருக்கும் தன் நண்பர் குகன் அண்ணையிடம் போனில் பேச ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் துணி காயப்போடப் போன நான் கதவருகிலேயே நின்றுவிட்டேன்.

“என்ன அழகு அண்ணை! ஒரு கண்ணு இல்லைன்னா என்ன? அந்தக் கழுத்து ஒண்ணு போதுமே!”

யாருடைய கழுத்து?

“புருஷன்தான் கிறுக்கன். இருக்கிற சாமியெல்லாம் விட்டுட்டு ஒரே சாமியைக் கும்பிடக் கிளம்பிட்டான். அவளையும் ஆறு பொண்ணுங்களையும் இழுத்துக்கிட்டுப் பாலைவனத்துல போய்க் குடியேறினான். எப்படியோ இப்ப பெர்லின் வந்து சேர்ந்துட்டா. நேர்ல பாத்தே ஆகணும் அண்ணை!”

அதோடு அவள் பெயரை வேறு இரண்டு தடவை உருகி உருகிச் சொன்னார். என் காதில் “நோ... ஃப்ரௌ டேட்டே” என்று விழுந்தது. ‘ஃப்ரௌ’ என்றால் திருமதி. ஜெர்மன் வகுப்பில் முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். ஆக, திருமதி டேட்டே. ஆறு பிள்ளை பெற்றவள், ஒற்றைக் கண்ணி, பெர்லின்காரி.

வயிறு பற்றி எரிந்தது. இந்த மூன்று மாதத்தில் என்னை அவர் பாராட்டியது “இட்லி சாஃப்ட்டா இருக்கு” என்பதோடு சரி. கண்ணாடி முன்னால் போய் நின்றேன். எனக்குக் கண் இரண்டும் பழுதில்லை. ஆனால் கழுத்து எங்கள் அப்பா வழி. தலைக்கும் தோளுக்கும் நடுவில் சும்மா சம்பிரதாயத்துக்கு இருக்கும். அன்று முழுக்க அதை எக்கி எக்கி நீட்டிப் பார்த்ததில் சுளுக்குதான் மிச்சம்.

கீழ் வீட்டுப் பவளம் அக்காவிடம் போய் அழுதேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஜெர்மனியில் பல வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர்.

“டேட்டேயோ? உப்பிடி ஒரு பேரை நான் கேள்விப்படேல்லையே. ஆறு பிள்ளையளின்ர தாய்க்கு என்ன எடுப்பு பாரும்! அழாதையும் பிள்ளை. நேர போய் அவவின்ர முகத்தைப் பார்த்து, ‘தாஸ் இஸ்ட் மைன் மான்’ எண்டு சொல்லும். இவர் என்ர மனுசன் எண்டு அர்த்தம். வேற ஒண்டும் கதைக்கத் தேவையில்லை.”

அந்த வாரமே ரகு தயங்கித் தயங்கி வந்தார். “சனிக்கிழமை பெர்லின் போலாமா? உனக்கு ஒருத்தங்களைக் காட்டணும். சிரிக்கக்கூடாது.”

என்ன நெஞ்சழுத்தம்! அவளா நானா, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவள்தான் என்றால் அடுத்த விமானத்தில் திருச்சி. பெட்டியைக்கூடப் பாதி அடுக்கிவிட்டேன்.

குளிரில் பல் கிட்டித்தது. கோட்டுக்குள் கல்யாணப் பட்டு, கழுத்தில் இருக்கிற நகை மொத்தமும். (கழுத்து தெரியாதபடி மூடுவதுதான் திட்டம்.) ரயிலில் வழி முழுக்க ‘தாஸ் இஸ்ட் மைன் மான்’ ஜெபம். அவர் என்னை ஒரு மியூசியத்துக்குள் கூட்டிப்போனார். ஓஹோ, இங்கேதான் வேலை பார்க்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வழியெல்லாம் கல் ராஜாக்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ரகு “இவரு வந்து...” என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கடைசியில் மங்கலாக ஓர் அறை. “அதோ இருக்காங்க பாரு” என்றார். பார்த்தேன். சீருடையில் ஒரு பெண், நெட்டைக் கழுத்து, முன்முடி ஒரு கண்ணை மறைத்திருந்தது. அவளேதான்! கோட்டைக் கழற்றி ரகு கையில் திணித்தேன். பட்டு சரசரக்க நேரே போனேன்.

“தாஸ் இஸ்ட் மைன் மான்!”

அறையே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் ரகுவை ஏற இறங்கப் பார்த்தாள். “ஷோன்” என்றாள். (‘ரொம்ப சந்தோஷம்’ என்று அர்த்தம்.) பிறகு உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள்.

“செக்யூரிட்டிகிட்ட போய் என்ன சொல்ற?” என்று ரகு ஓடி வந்தார். “நான் காட்டினது இவங்களை! நோஃப்ரேட்டேட்டே!”

நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் உயரமான நீலக் கிரீடத்தோடு ஒரு தலை. ஒரு கண்ணில் மணி இல்லை. கீழே ஆங்கிலத்திலும் பெயர் இருந்தது: நெஃபர்டிட்டி. எகிப்து ராணி, ஃபாரோ அக்நாத்தனின் மனைவி. அடக் கடவுளே, இவள் படத்தைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே பார்த்திருக்கிறேனே! ஜெர்மன்காரர்கள் அவளுக்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்று யார் கண்டது?

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ரகு சிரித்தார். அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வந்தது. அந்தப் பெண் இரண்டு பேரையும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டாள். எத்தனையோ நாள் ஏங்கியவருக்குக் கண் நிறையப் பார்க்கக்கூடக் கொடுத்துவைக்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து, அக்நாத்தன் சூரியனைக் கும்பிட்ட கதை, பாலைவனத்தில் ஊர் கட்டிய கதை எல்லாம் சொன்னார். எனக்குத் தூக்கமே வரவில்லை. சந்தேகம் தீர்ந்துவிட்டது. பொறாமைதான் தீரவில்லை. கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்தவளுக்கே இப்படியென்றால், உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருப்பாள் பாதகத்தி!

பவளம் அக்கா விஷயத்தைக் கார்ஹிங் முழுக்கப் பரப்பிவிட்டார். ரகு வீட்டுக்கு வரத் தாமதமானால், “டேட்டே வீட்டை போயிட்டாரோ?” என்று இன்றைக்கும் மாடிப்படியில் நின்று கேட்பார். திருச்சியிலிருந்து மாமியார் போன் செய்தால், “பெரியவ சௌக்கியமா?” என்பதுதான் முதல் கேள்வி.

போன மாதம் எங்கள் மகளின் கிண்டர்கார்டனில் குடும்பப் படம் வரையச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் இருவரையும் அவசரமாகக் கூப்பிட்டார்கள். போனோம். படத்தில் அப்பா, அம்மா, பாப்பா, அப்பாவின் பக்கத்தில் உயரமாக ஒரு நீலத் தொப்பிக்காரி.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “டேட்டே ஆன்ட்டி என்கிறாள் குழந்தை. இந்த அம்மா உங்களோடு எவ்வளவு நாளாக இருக்கிறார்?” என்று கேட்டார்.

“கல்யாணமான வருஷத்திலிருந்து” என்றார் என் கணவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.