மூல வடிவத்தில் ஒரு கடற்கரை வீடு

மனித குலம் செய்த அரும்பெரும் செயல்களில் தலையாயது, எங்கள் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு என் அண்ணியின் கடற்கரை வீட்டைக் காப்பாற்றியதுதான். அக்குழுவில் அடியேனும் ஓர் உறுப்பினன்.

புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. அண்ணன் காலமான பிறகு அங்கே தனியாக வாழ்ந்த அண்ணி, எங்களிடம் அனுமதி கேட்டு வந்தார்.

"மழைக்கு முன்னாடி நாலு தகரம் போட்டுக்கறேன் தம்பி."

தலைவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "தகரமா! அம்மா, அது வீடில்ல, வரலாறு!"

"வரலாறு ஒழுகுதுங்களே."

அறியாமையை மன்னித்து, வீட்டை 'மூல வடிவத்துக்கு' மீட்பதென்று தீர்மானித்தோம். முதலில் கட்டியபோது இல்லாத எதுவும் இருக்கக் கூடாது. அதையெல்லாம் அகற்றிய பிறகே கூரை.

கட்டடக்கலை நிபுணர் சுவர்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார். சமையலறை பிற்காலச் சேர்க்கை, இடித்தோம். குளியலறையும் அப்படியே.

"அப்போ நான் எங்க குளிக்கிறது?"

"கடல் அப்பவே இருந்துச்சேம்மா."

மின்கம்பிகளையும் உருவினோம். "ராத்திரி வெளிச்சத்துக்கு?" என்றார் அண்ணி.

"நிலா அசல்தான். அதுல நாங்க கை வைக்க மாட்டோம்."

அண்ணி தார்ப்பாயின் கீழ் படுத்துக்கொண்டார். அதன் நீல நிறம் வரலாற்றை உறுத்தியதால் அதையும் கழற்றினோம். மழை பிடித்துக்கொண்டது.

"இனிமே இடிக்க என்ன இருக்கு? கூரையப் போடுங்க!"

நிபுணர் கண்ணாடியை ஏற்றிவிட்டு அண்ணியையே உற்றுப் பார்த்தார். "வீடு கட்டினப்ப நீங்க இருந்தீங்களா?"

"அப்ப நான் பொறக்கவே இல்ல. கல்யாணமாகி வந்தவ."

"பிற்காலச் சேர்க்கை," என்றார் நிபுணர் வருத்தத்துடன்.

அகற்றுவதென்ற தீர்மானத்தை ஆதரித்துக் கை தூக்கினோம். நான் அண்ணியின் பக்கம் பார்க்கவில்லை. நடுநிலை முக்கியம் அல்லவா?

"நீங்களுமா தம்பி? நீங்க மட்டும் அப்ப இருந்தீங்களா?"

"நான் இந்த வீட்டு ரத்தம் அண்ணி. அதுக்குப் பேர்தான் மரபு."

"உங்க மரபுல மண்ணு விழ! வாசக்கதவுப் பூட்டையாவது குடுங்க. அதுவும் பின்னாடி வாங்கினதுதான்."

கொடுத்தோம். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அண்ணி ஒரு பெட்டியோடு மழையில் இறங்கிப் போனார்.

மறுவாரமே கூரை ஏறியது. கையால் வனைந்த ஓடுகள். ஒரு சொட்டு ஒழுகுவதில்லை. குழுக் கூட்டங்களை இப்போது அங்கேதான் நடத்துகிறோம்.

ஊரார் இன்னமும் அந்தப் புயலைத்தான் சபிக்கிறார்கள். அநியாயம்! பாவம், அது எங்கள் அண்ணியிடமிருந்து கூரையை மட்டும்தான் பறித்தது. வீட்டையே பறிக்க எங்களைப் போல நாலு படித்தவர்கள் தேவைப்பட்டார்கள்.