எடை ஏற்றும் அரைஞாண்

ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டு ஊர் ஒன்றில், 2002ஆம் வருஷம், பிள்ளைகள் சோறு தின்னாமலே எடை ஏறினார்கள். எல்லாம் அருள்முருக சாமியாரின் மகிமை! எடை போடும் நாளில் பால்வாடி வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் ஜெயங்கொண்டம் சந்தை தோற்றுப்போகும்.

சாமியாரின் வைத்தியம் சுலபம். பிள்ளையின் அரைஞாணில் மாசம் ஒரு சிவப்புத்துணி முடிச்சு. முடிச்சுக்கு ஒரு மரக்கால் முந்திரிக்கொட்டை காணிக்கை. கழற்றக் கூடாது, பிரிக்கக் கூடாது.

"கனமா இருக்குதே சாமி?"

"உள்ள அம்மன் உக்காந்திருக்கா. லேசாவா இருப்பா?"

மாசம் கால் கிலோ, பிசகாமல் ஏறியது. அம்மன் கணக்கில் அவ்வளவு கெட்டி! மேலதிகாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளையின் எடை அட்டையில் கோடு ஏறினால் சரி, ஏன் ஏறுகிறதென்று கோட்டிடமா கேட்க முடியும்? எலும்பும் தோலுமான மூணாம் தரத்துப் பிள்ளை ஒன்றுகூட இல்லாத மையம் என்று பாராட்டுக் கடிதம் வந்தது.

அனிதாவும் மகள் லாவண்யாவுக்கு நாலு முடிச்சு கட்டினவள்தான். நாலாம் மாசம் அட்டையில் லாவண்யா தேறிவிட்டாள். தேறினவளுக்கு எதற்கு மெலிந்த பிள்ளைகளுக்கான ரெண்டு பங்கு சத்துமாவு? ஒரு பங்கை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குக் குளிப்பாட்டும்போது அனிதா மகளின் விலா எலும்பை எண்ணிப் பார்த்தாள். ஒன்றுவிடாமல் எண்ண முடிந்தது.

அடுத்த எடை நாளில் ஒரு பறங்கிக்காயோடு வந்து நின்றாள்.

"டீச்சர், இத மொதல்ல நிறுங்க."

"ஏண்டி, இதுக்கும் அட்டை போடணுமா?" என்றாள் பால்வாடி டீச்சர் பாப்பாத்தி.

மூன்று கிலோ. அனிதா மகளின் அரைஞாணை அவிழ்த்துக் காயின் காம்பில் கட்டினாள். கூட்டம் "அய்யய்யோ!" என்று அலறியது. தராசு முள் நாலில் போய் நின்றது.

"பாத்தீங்களா? ஒரு நிமிஷத்துல பறங்கிக்கா தேறிடுச்சு!"

முடிச்சு கட்ட வந்திருந்த சாமியார் அசரவில்லை. "அது பக்தியுள்ள காய், தாயி."

அரியமுத்து என்கிற பெரிய மனுஷர் காயைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அனிதாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பால்வாடி அடுப்படியிலிருந்த அரிவாள்மனையில் வைத்து முடிச்சை அறுத்தாள். அம்மன் வரவில்லை. ஈயக்குண்டுகள் பொலபொலவென்று உருண்டன.

திருமானூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த சம்பூர்ணம் ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "இது வீச்சுவலைக் குண்டுல்ல? எங்கப்பா இதக் கட்டித்தான் கொள்ளிடத்துல மீன் புடிப்பாரு!"

சிக்கின மீன் போதுமென்று சாமியார் விருத்தாசலம் பஸ்ஸுக்கு ஓட்டமெடுத்தார்.

பிள்ளைகளை வெறும் உடம்போடு மறுபடி நிறுத்தார்கள். பதினொரு பேர் மூணாம் தரம்.

"ஐயோ, ஆபீசுக்கு என்னன்னு எழுதுவேன்?" என்று பாப்பாத்தி தலையில் கை வைத்தாள்.

"உள்ளத எழுதுங்க. மொதல்ல எம்புள்ளைக்கு ரெண்டாம் பங்கப் போடுங்க."

போட்டாள். லாவண்யா இரண்டு கையாலும் அள்ளித் தின்றாள்.

தராசுக்கு மூளை கிடையாது. மாட்டினதை நிறுத்துக் காட்டும். மாட்டினது பிள்ளையா ஈயமா என்று பார்க்கத்தான் மனுஷனுக்கு மூளை. அதையும் முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறவனை எந்தச் சத்துமாவு வந்து தேற்றும்?