தம்பியின் அட்டை

"அட்டை இருந்தாத்தான் உள்ளே," என்று காபிக் கடை வாசலில் கையைக் குறுக்கே நீட்டினான் கடைப் பையன் ஹம்மு.

"என்னடா அட்டை?"

"கொரோனா ஊசி போட்ட அட்டை, பெரியவரே. அரசாங்க உத்தரவு."

"உத்தரவு வந்து மூணு மாசமாச்சு. நேத்து வரைக்கும் உனக்குக் கண்ணு அவிஞ்சா போயிருந்துச்சு?"

"இன்னிக்குத்தான் தெளிஞ்சது," என்று ஹம்மு கூரையைப் பார்த்தான்.

பெரியவர் லஹ்சன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்வதாகவும் இல்லை. "எங்க தெருச் சாக்கடைக்கு மூடி போட ஒம்போது வருஷம் ஆச்சு. மருந்து மட்டும் ஒரே வருஷத்துல வந்துடுச்சாம். யாருகிட்ட கதை விடறீங்க?" என்பது அவர் கட்சி. அதைத் தலையாட்டிக் கேட்டவர்கள் எல்லாம் சத்தமில்லாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்கள். மனுஷ ஜாதி அப்படித்தான்.

ஆனால் இன்று உள்ளே போயே ஆகவேண்டும். உள்ளே பிராஹிம் உட்கார்ந்திருந்தான், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். எதிரே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தாமா ஆட்டப் பலகை. சோடா மூடிகள்தான் காய்கள். வருஷா வருஷம் குளிர்காலத்தில் இறுதி ஆட்டம். ஜெயித்தவனுக்கு நீலக் காகிதம் சுற்றிய கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டி. தோற்றவன் ஜெயித்தவனுக்கு ஒரு வருஷம் தினமும் டீ ஊற்ற வேண்டும். மூன்று வருஷமாக லஹ்சன்தான் ஊற்றுகிறார். "நுரை பத்தலை, இன்னும் உசரத்துலேர்ந்து ஊத்து," என்று பிராஹிம் மூன்று வருஷமாகச் சொல்கிறான். இன்று மாலை நேர அஸர் தொழுகை முடிவதற்குள் பலகை முன்னால் உட்காராவிட்டால், ஆடாமலே தோல்வி.

லஹ்சன் நேரே தம்பி வீட்டுக்கு ஓடினார்.

இருவரும் இரட்டையர். அரை மணி நேரம்தான் மூப்பு. அதே மூக்கு, அதே நரைத்த தாடி. பெயர்கூட லஹ்சன், லஹுசைன். அரபியில் எழுதும்போது தம்பிக்கு ஓர் எழுத்து கூட, அதன் கீழே இரண்டு புள்ளி. அந்த இரண்டு புள்ளியை வாத்தியார் கவனிக்காததால், தம்பி செய்த தப்புக்கெல்லாம் அடி வாங்கியது லஹ்சன். படிப்பை அவர் இரண்டாம் வகுப்போடு விட்டதற்கு அதுதான் காரணம்.

லஹுசைன் தீக்குச்சி கேட்டால்கூட எரிந்த குச்சியைத் தருகிற ஆள். இன்று கேட்டதும் கொடுத்தான். ஊசி அட்டையோடு அடையாள அட்டையும் கொடுத்தான்.

"அண்ணனுக்கு இல்லாததா? ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் நீதான் லஹுசைன். கடைசி வரைக்கும் மாத்திப் பேசக் கூடாது."

"சரிடா, சரிடா."

ஹம்முவின் கைபேசி அட்டையைப் படித்துப் பச்சை காட்டியது. "வாங்க, லஹுசைன் பெரியவரே!" என்று தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றான்.

பிராஹிம் நிமிர்ந்தான். "அட, தம்பியா? அண்ணன் எங்கே? பயந்துட்டானா?"

'நான்தான்டா அது' என்று சொல்ல லஹ்சன் வாயெடுத்தார். விழுங்கினார். "அவனுக்கு வயித்து வலி. அவனுக்குப் பதிலா நான் ஆடறேன்."

"தாராளமா ஆடு. ஜெயிச்சா பேரும் சர்க்கரையும் உனக்கு. தோத்தா மட்டும் உங்க அண்ணன்தான் டீ ஊத்தணும்."

"இது என்னய்யா நியாயம்?"

"வயித்து வலிக்காரனுக்கு இந்த நியாயம் போதும்."

கடையே சிரித்தது. லஹ்சன் முதல் மூடியை நகர்த்தினார். அப்போது பேட்டை அதிகாரி கையில் பட்டியலோடு உள்ளே வந்தார்.

"இங்க லஹுசைன் யாரு? ஆறு மாசம் தாண்டியாச்சு, மூணாவது ஊசி எங்கே? எதிர்ப் பள்ளிக்கூடத்துலதான் போடறாங்க. எந்திரி."

"நாளைக்கு..."

"நாளைக்கு உன் அட்டை செல்லாது. இல்ல, நீ லஹுசைனே இல்லையா?"

இல்லை என்றால், அடுத்தவன் அட்டையில் நுழைந்ததற்குக் காவல் நிலையம். பிராஹிமுக்கு இனாமாக ஒரு வருஷ டீ.

"நான்தான் லஹுசைன். வேற யாரு?" என்று எழுந்தார் லஹ்சன்.

"போயிட்டு வா. அஸர் முடியிற வரைக்கும் இருப்பேன்," என்றான் பிராஹிம்.

பள்ளிக்கூடத்தில் நர்ஸம்மா அட்டையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள்.

"ஓ, நீங்களா? போன ரெண்டு தடவையும் ஊசியைக் கண்டதுமே மயங்கி விழுந்தவரு."

"நானா?"

"முதல் தடவை நாற்காலியோட. ரெண்டாவது தடவை என் மேல."

"மயக்கமெல்லாம் எனக்கு வராது மகளே!"

"அன்னிக்கும் இதையேதான் சொன்னீங்க. படுங்க. போட்டப்புறம் அரை மணி நேரம் அசையக் கூடாது."

ஊசி இறங்கியது. கொசு கடித்த அளவுகூட இல்லை. இதற்கா அப்படி விழுந்தான் என்று தம்பியை நினைத்துப் பல்லைக் கடித்தார். ஏதாவது ஆகும், ஏதாவது ஆகும் என்று விட்டத்தைப் பார்த்துக் காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அதுவே அவருக்குப் பெரிய ஏமாற்றம். கால் மணி நேரம் பொறுத்தார். நர்ஸம்மா திரும்பிய நேரம் பார்த்துச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பிராஹிம் சர்க்கரைக் கூம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்திருந்தான்.

"உட்காருடா!" என்றார் லஹ்சன்.

மூன்று வருஷக் கோபத்தையும் ஊசிக் கோபத்தையும் சேர்த்து ஆடினார். பன்னிரண்டு நிமிஷம். பிராஹிமிடம் ஒரு மூடி மிஞ்சவில்லை.

"லஹுசைன்! லஹுசைன்!" என்று கடை கத்தியது. ஹம்மு சுவர்ப் பலகையில் சாக்பீஸால் பெயரை எழுதினான். அந்த இரண்டு புள்ளியையும் மறக்காமல் அழுத்தி வைத்தான்.

"நாளையிலேர்ந்து வா லஹுசைன், டீ ஊத்தறேன்," என்றான் பிராஹிம். "உங்க அண்ணன் மாதிரி ஆளு இல்ல நீ. வீரன்."

லஹ்சன் நடந்தார். ஊசி தன் கையில் இருக்கிறது, தன் அட்டையில் இல்லை. வெற்றி பலகையில் இருக்கிறது, தன் பெயரில் இல்லை. நாளைக்கு ஹம்மு மறுபடியும் கையை நீட்டுவான். போகட்டும், சர்க்கரையாவது மிஞ்சியது. அதை ஜில்லாபா அங்கியின் முதுகில் தொங்கும் குல்லாய்க்குள் போட்டு மறைத்தார். அட்டையைக் கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீடு போய்ச் சேருவதாக முடிவு.

கதவைத் தட்டினார். தம்பி மனைவி ரகிய்யா திறந்தாள்.

"வாங்க மச்சான், அந்தக் குல்லாயில இருக்கற சர்க்கரையைக் கொடுங்க, டீக்குத் தண்ணி கொதிக்குது, 'ஹம்முகிட்ட அண்ணனை வாசல்ல மறிக்கச் சொல்லிட்டேன், அதிகாரிகிட்ட கடைக்கு வந்து என் பேரைக் கேக்கச் சொல்லிட்டேன், சாயங்காலம் அண்ணனே என் ஊசியையும் போட்டுக்கிட்டுச் சர்க்கரையும் கொண்டுவருவான்'னு உங்க தம்பி காலையிலேயே சொல்லிட்டாரு."